'மாத்திரை போட்டாச்சா?' என்று கேட்டால் மட்டும் போதுமா? எச்.ஐ.வி.யுடன் வளரும் பதின்பருவத்தினர் மனசுக்குள் என்ன நடக்கிறது?

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடப்பதே கஷ்டம். அந்த விளம்பரம் பெரியவர்களிடம் பேசியது. பாதுகாப்பான உறவு, ஆணுறை என்று அதுக்கு ஒரு தெளிவான நோக்கம் இருந்தது. ஆனால், கூடவே ஒரு எண்ணமும் மக்கள் மனசில் ஒட்டிக்கொண்டது: 'தப்பு பண்ணினாதான் எச்.ஐ.வி. வரும்.'

இன்றைக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சைக்காக ஏ.ஆர்.டி. மையங்களுக்கு வருகிறவர்களில் புள்ளிராஜா என்ற பெயரையே கேள்விப்படாதவர்களும் இருக்கிறார்கள். எட்டாவது, பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள். பெரும்பாலும் பிறப்பிலேயே தொற்று வந்தவர்கள். எந்தத் தப்பும் பண்ணாமலே அந்த எண்ணத்தைச் சுமக்கிறவர்கள். இவர்களில் பலருக்கு உடம்பு நல்லாவே இருக்கிறது. மனசு?

யார் இந்தப் பிள்ளைகள்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நடத்திய ஆய்வில் அது தெரியவந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ல். தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதலில் தொடங்கப்பட்ட மையங்களில் ஒன்று. குழந்தைகளுக்கான தேசியச் சிகிச்சைத் திட்டம் 2006-ல் வந்தது.

சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போக 15 முதல் 45 சதவிகிதம் வரை வாய்ப்பு உண்டு. கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் சரியான சிகிச்சை கிடைத்தால் இது 5 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிடும். எச்.ஐ.வி. உள்ள எல்லா கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் கூட்டு மருந்து என்ற நடைமுறை இந்தியாவில் 2014-ல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் பிறந்து, மருந்தால் பிழைத்து வளர்ந்த பிள்ளைகள்தான் இப்போது பதின்பருவத்தில் இருக்கிறார்கள். உலக அளவில் 10 முதல் 19 வயதுக்குள் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்கிறது யுனிசெஃப்.

கண்ணாடி என்ன சொல்கிறது?

எந்தப் பதின்பருவப் பிள்ளையும் கண்ணாடி முன்னால் நிற்கும். 'நான் குள்ளமா? ஒல்லியா? முகத்தில் என்ன புள்ளி?' இந்தப் பிள்ளைகளுக்கு அதில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: 'பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடுமோ?'

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சிகிச்சை தாமதமாகத் தொடங்கிய குழந்தைகளுக்கு உயரம் குறையலாம். பருவமடைவது தள்ளிப்போகலாம். தோலில் வரும் அரிப்புக் கொப்புளங்கள் ஆறினாலும் கருப்புத் தழும்பை விட்டுப்போகும். முன்பு பயன்பாட்டில் இருந்த ஸ்டாவுடின் என்ற மருந்து, கன்னத்திலும் கை காலிலும் கொழுப்பைக் கரைத்து முகத்தையே மாற்றிவிடும். அந்த மருந்தைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இப்போது பரவலாகத் தரப்படும் டொலுடெக்ராவிர் ரொம்பவே நல்ல மருந்து. ஆனால் சிலருக்கு எடை கூடும். வயசுப் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு கவலைதான்.

கூடப் படிக்கிற பிள்ளை 'ஏன்டா இன்னும் அஞ்சாங்கிளாஸ் பையன் மாதிரியே இருக்கே?' என்று விளையாட்டாகக் கேட்கலாம். கேட்டவர் மறந்துவிடுவார். கேட்கப்பட்டவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது. காரணம், அந்தக் கேள்விக்கான உண்மைப் பதிலை அவரால் யாரிடமும் சொல்ல முடியாது.

'இது எதுக்கு மாத்திரை?'

ஏழெட்டு வயதில் குழந்தை கேட்கிற முதல் கேள்வி இது. வீட்டில் சொல்லும் பதில்கள் நமக்குத் தெரிந்தவைதான்: 'சளிக்கு', 'ரத்தம் ஊறுறதுக்கு', 'சத்து மாத்திரை'. சொல்பவர் பல வீடுகளில் பாட்டியாகவோ அத்தையாகவோ இருப்பார். அம்மா, அப்பாவை இழந்த பிள்ளைகள் இவர்களில் நிறைய. அந்தப் பாட்டியைக் குறை சொல்லவும் முடியாது. சொன்னால் பிள்ளை வெளியே உளறிவிடுமோ, உளறினால் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு.

ஆனால் பொய்க்கும் ஆயுள் உண்டு. பிள்ளை மருந்து டப்பாவில் இருக்கும் பெயரை ஒருநாள் போனில் தேடும். அல்லது உறவினர் சண்டையில் யாரோ வாய் தவறிக் கொட்டிவிடுவார்கள். அப்படித் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அதிர்ச்சி இரண்டு: ஒன்று நோய், இன்னொன்று 'எல்லாரும் என்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க' என்பது.

இதனால்தான் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அவர்களுடைய நிலையைச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே புரிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வழிகாட்டியது. சொன்ன கையோடு வரும் 'யார்கிட்டயும் மூச்சு விடாதே' என்ற எச்சரிக்கையிலும் கவனம் வேண்டும். பெரியவர் அதைப் பாதுகாப்புக்காகச் சொல்கிறார். பிள்ளைக்கோ 'நான் வெட்கப்பட வேண்டியவன்' என்று கேட்கும். 'இது உன் சொந்த விஷயம், யாரிடம் சொல்வது என்பது உன் முடிவு' என்று சொன்னால் அர்த்தமே மாறிவிடும்.

மனசு சோர்ந்தால் மருந்து ஏன் நிற்கிறது?

தினமும் மாத்திரை போடுவது என்பது தினமும் ஒருமுறை 'உனக்கு எச்.ஐ.வி. இருக்கு' என்று ஞாபகப்படுத்துவது மாதிரி. மன அழுத்தத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்துவதுதான் அந்த நினைப்பை நிறுத்த எளிதான வழியாகத் தெரியும். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு இன்னும் சிரமம். டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வரும், லேபிளைப் பார்த்தால் கேள்வி வரும்.

மருந்து நின்றால் ரத்தத்தில் வைரஸ் அளவு ஏறும். எடை குறையும், தோல் பிரச்சினை திரும்பும், பள்ளிக்கு லீவு விழும். கண்ணாடி முன்னால் பயந்த விஷயமே இப்போது நிஜமாகிவிடும். மனசு இன்னும் சோரும். விட்டு விட்டுப் போடுவதால் மருந்துக்கு வைரஸ் பழகிப்போய், மருந்தையே மாற்ற வேண்டிய நிலையும் வரலாம். 'பிள்ளை ஒழுங்கா மாத்திரை போட மாட்டேங்குது' என்ற புகாரைப் பல சமயம் சோம்பேறித்தனம் என்று படிக்கிறோம். அது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

சட்டம் பக்கபலமா இருக்கா?

இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுப்பதோ ஒதுக்கிவைப்பதோ சட்டவிரோதம். ஒருவரின் நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது. வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதே சட்டத்தில் நெஞ்சைப் பிசையும் ஒரு பிரிவும் உண்டு. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நிர்வகிக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட அண்ணனோ அக்காவோ, போதிய முதிர்ச்சி இருந்தால், தன் தம்பி தங்கைகளுக்குக் காப்பாளராகச் செயல்படலாம் என்கிறது அது. அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அந்த 12 வயது அக்காவின் மனநிலையை யார் விசாரிப்பது?

ஜிம்பாப்வே காட்டும் வழி

2004-ல் ஹராரேயில் ஒரு சிறு ஆதரவுக் குழுவாகத் தொடங்கியது 'ஸ்வாண்டிரி'. ஷோனா மொழியில் 'நான் இருக்கிறபடியே' என்று பொருள். எச்.ஐ.வி.யுடன் வாழும் 18 முதல் 24 வயது இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, தங்களைவிடச் சின்னவர்களின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் போய் அறிவுரை சொல்வதில்லை. 'நானும் இதே மாத்திரைதான் போடுறேன்' என்று உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இது பலன் தருகிறதா என்று அந்நாட்டின் இரண்டு மாவட்டங்களில் சோதித்த ஆய்வின் முடிவு 2020-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இந்தத் துணை கிடைத்தவர்களிடம் வைரஸ் கட்டுப்படாமல் போவதும் மரணமும் சேர்த்து 42 சதவிகிதம் குறைவு. இரு தரப்புக்கும் சிகிச்சை ஒன்றுதான். கூடுதலாகக் கிடைத்தது ஒரு தோழமை.

நம்மிடம் என்ன இருக்கிறது, எது குறைகிறது?

தமிழ்நாட்டில் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையங்கள் உள்ளன. மருந்து இலவசம். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கல்விக்கும் ஊட்டச்சத்துக்கும் உதவ 2009-ல் அரசு ஒரு அறக்கட்டளையும் தொடங்கியது. இவை சாதாரணமானவை அல்ல.

ஆனால் உலகமே இன்று துரத்தும் 95-95-95 இலக்கைப் பாருங்கள். நிலையை அறிந்தவர்கள், சிகிச்சையில் இருப்பவர்கள், வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்கள். மூன்றிலும் மனசுக்கு இடமில்லை. வாழ்க்கைத் தரத்தையும் நான்காவது இலக்காகச் சேர்க்க வேண்டும் என்று 2016 முதலே நிபுணர்கள் சொல்லி வருகிறார்கள். எச்.ஐ.வி. உள்ள எல்லா வளரிளம் பருவத்தினருக்கும் மனநல, சமூக ஆதரவு தரப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் பரிந்துரைத்தது. எண்ணப்படாத விஷயத்துக்கு ஆளும் நேரமும் ஒதுக்கப்படாது என்பதுதான் இதில் சிக்கல்.

நாம் என்ன செய்யலாம்?

* 'எய்ட்ஸ் பேஷண்ட்' என்ற சொல்லை விடுங்கள். எச்.ஐ.வி. என்பது வைரஸ், எய்ட்ஸ் என்பது சிகிச்சையில்லாமல் முற்றிய நிலை. மருந்து எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எய்ட்ஸ் இல்லை.
* ஆசிரியர்களே, ஒரு மாணவரின் நிலை தெரியவந்தால் அது ஸ்டாஃப் ரூம் பேச்சாக மாறக் கூடாது. பக்கத்தில் உட்கார்வதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ தொற்று பரவாது.
* காதல், கல்யாணம் பற்றிப் பயப்படும் பிள்ளைக்கு ஒரு உண்மையைச் சொல்லுங்கள்: தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் துணைக்குத் தொற்று போகாது. எச்.ஐ.வி. இல்லாத குழந்தையையும் பெற்றுக்கொள்ள முடியும்.
* தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் என எல்லாவற்றிலிருந்தும் பிள்ளை ஒதுங்கினால், 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாமல் அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது ஆலோசகரிடம் சொல்லுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் அதுவரை காத்திருக்க வேண்டாம். உடனே உதவி தேடுங்கள்.

எச்.ஐ.வி. தொடர்பான சந்தேகங்களுக்கு 1097, மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. மூன்றுமே கட்டணமில்லாத எண்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை: ராத்திரி 'மாத்திரை போட்டாச்சா?' என்று கேட்பதற்கு முன்னால், 'இன்னைக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேட்டுவிட்டு மாத்திரைக்கு வாருங்கள்.