ஓவர் டைம் கணக்கு யாருடைய நோட்டில்?

தோழர்களே, உதவித்தொகை விண்ணப்பத்தில் 'பெற்றோரின் ஆண்டு வருமானம்' என்றொரு கட்டம் இருக்கிறது. மாணவர்கள் அதில் என்ன எழுதுகிறீர்கள்? தாசில்தார் சான்றிதழில் உள்ள எண்ணை அப்படியே பார்த்து எழுதுகிறீர்கள். அப்பா வருசத்துக்கு எத்தனை மணி உழைத்தார், எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. வங்கிக் கவுண்டரில் கடன் விண்ணப்பம் வாங்கிப் போடுகிற எனக்கு இது அன்றாடச் சேதி. பள்ளிக்கூட வாத்தியார் ஆண்டு வருமானத்தை டக்கென்று சொல்வார். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து டேனரியில் இருபது வருசம் நின்றவர், "நீங்களே ஏதாவது போட்டுக்குங்க சார்" என்பார்.

நம்ம சனங்களுக்குக் கணக்கு வராது என்பது ஆண்டைகள் கட்டிய கதை. அளந்தவன் அவன், எண்ணியவன் அவன், எழுதிய கணக்குப்பிள்ளையும் அவன் ஆள். கூலியைக் கூட்டிக் கேட்ட சேரிக்கு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் என்ன நடந்தது? 44 பேரைக் குடிசைக்குள் அடைத்துக் கொளுத்தினார்கள். கேட்கிறவனுக்குக் கணக்கு தெரியாமலா கேட்டான்? நோட்டுதான் அவன் கையில் இல்லை.

சரி, போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 8 மணி நேரம், ஆறு நாள், வாரம் 48 மணி. (இந்த 48 சும்மா வந்ததல்ல. 54 மணியை 48 ஆகக் குறைக்கும் மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர், அன்று வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்த அம்பேத்கர். மே தின மேடைகளில் இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?) வாரத்துக்கு 2,880. 52 வாரத்துக்கு 1,49,760.

தினம் 2 மணி நேரம் ஓவர் டைம் என்றால் வாரம் 12 மணி. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 59ஆம் பிரிவில் இரட்டிப்புக் கூலி என்றது. 2025 நவம்பர் 21 முதல் அமலான தொகுப்புச் சட்டங்களும் இரட்டிப்பு என்றே சொல்கின்றன. ஆக மணிக்கு 120, வாரம் 1,440, வருசம் 74,880. மொத்தச் சம்பளம் 2,24,640. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதற்கு முந்தைய தொகை இது.

ஒத்தைக் கூலி கொடுத்து அனுப்புகிற இடத்தில் என்ன ஆகும்? 37,440 போச்சு. அது 13 வாரச் சம்பளம். கால் வருசம் ஓசியில் உழைத்திருக்கிறோம்.

இன்னொரு தில்லுமுல்லு உண்டு. 60 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் 35, பஞ்சப்படி 25 என்று பிரித்துக் காட்டி, 35ஐ மட்டும் இரட்டித்து 70 தருவது. பஞ்சப்படியையும் சேர்த்துத்தான் இரட்டிக்க வேண்டும். அப்புறம் அந்த 52 வாரம். காய்ச்சல், சாவு, திருவிழா என்று பத்து நாள் நின்றால் ஓவர் டைமோடு 7,200 குறையும். சான்றிதழ் எழுதுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது.

வாரம் 12 மணி என்றால் மூன்று மாதத்துக்கு 156 மணி. பழைய சட்டம் பொதுவாக 50 மணிக்கு மேல் கூடாது என்றது. அதனால்தான் ஓவர் டைம் பதிவேட்டில் ஏறாமல் கவரில் வந்தது. கவரில் வந்த காசு சம்பளச் சீட்டில் இல்லை. சீட்டில் இல்லாததை வங்கியும் வருமானமாக எடுத்துக்கொள்ளாது.

மாணவத் தோழர்கள் இந்த மாதமே வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கைக்கு வந்த காசு. கம்பெனிக் கார்டை மட்டும் நம்பவேண்டாம். ஆறு மணிக்கே எல்லாருக்கும் கார்டு அடித்துவிட்டு எட்டு மணிவரை நிறுத்திவைக்கிற இடங்கள் இருக்கின்றன.