மலைக்கு வரும் வணிகமும் மலைவாழ் மக்களும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை, வரலாறு)

வணிகம் வளர்ந்தால் ஊர் வளரும் என்பது பொது விதி. சமவெளியில் அவ்விதி பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால் நிலம் சரிவாகவும் நீர் அளவாகவும் அமைந்த மலைநாட்டில் அதனை அப்படியே ஏற்க இயலுமா? உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேநீர்க் கடை முதல் நம் வகுப்பறை வரை இன்று பேசப்படும் பொருள் இதுவே. புதிய வணிக வளாகமோ, தங்கும் விடுதியோ, காட்டேஜ் வரிசையோ எழும்போதெல்லாம் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 'வரட்டும்' என்கிறது ஒரு குரல். 'போதும்' என்கிறது மற்றொரு குரல். இரண்டையும் காது கொடுத்துக் கேட்டு, நடுநின்று ஆராய்வது மாணவராகிய நம் கடமை.

வணிகம் நமக்குப் புதிதன்று

வெளியிலிருந்து வரும் வணிகம் இம்மலைக்கு நேற்று வந்ததன்று. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு வந்தார். 1822-இல் அவர் கட்டத் தொடங்கிய கல்வீடுதான், இன்று நம் கல்லூரி அமைந்துள்ள ஸ்டோன் ஹவுஸ். அதற்கான நிலத்தைத் தோடர் மக்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்குப் பெற்றார் என்று சொல்வார்கள். அன்று அந்த மக்களின் கருத்தை எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. நீலகிரியின் 'முதல் வளர்ச்சித் திட்டம்' அப்படித்தான் தொடங்கியது!

அதன் பின் ஏரி வெட்டப்பட்டது. உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் வேரூன்றின. தேயிலை மலைச்சரிவெல்லாம் பரவியது. மலை இரயில் 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் ஏறியது. 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. 1949-இல் கேத்திப் பகுதியில் ஊசித் தொழிற்சாலையும், 1960-களில் இந்து நகரில் பிலிம் தொழிற்சாலையும் பிறந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்த அந்தப் பிலிம் தொழிற்சாலை இன்று மூடிக் கிடக்கிறது. ஆகவே, 'மலைவாழ் மக்கள் வளர்ச்சிக்கு எதிரிகள்' என்று எவரேனும் சொன்னால் அவர் வரலாறு அறியாதவர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக வணிகத்தோடு வாழ்ந்து, அதன் நன்மையையும் தீமையையும் நேரில் கண்டவர்கள் இம்மக்கள்.

'வரட்டும்' என்போர் சொல்வது

வேண்டும் என்போரின் வாதம் வெறும் ஆசையன்று. அதன் அடியில் பசி இருக்கிறது.

இம்மாவட்டத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகள் உள்ளனர். பெரும்பாலோரிடம் இருப்பது ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்தான். பச்சைத் தேயிலையின் விலையை அவர்கள் நிர்ணயிப்பதில்லை. தொழிற்சாலையும் ஏல மையமும் நிர்ணயிக்கின்றன. 2000-ஆம் ஆண்டையொட்டி விலை சரிந்தபோது பறிகூலிக்கும் கட்டாது என்று கொழுந்தைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. அன்று தொடங்கிய கலக்கம் முழுதும் தீர்ந்தபாடில்லை. அப்படிப்பட்ட ஹட்டியில் பிறந்த இளைஞன், 'தேயிலை சோறு போடவில்லை. காட்டேஜ் வாடகையாவது போடட்டுமே' என்று சொன்னால் அவனை எப்படிக் குறை கூறுவது?

மற்றொரு கணக்கையும் பாருங்கள். 2001-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள் தொகை 7,62,141. 2011-இல் அது 7,35,394. நாடெங்கும் மக்கள் பெருகிக்கொண்டிருந்த பத்தாண்டில் நம் மாவட்டத்தில் இருபத்தாறாயிரத்துக்கு மேல் குறைந்திருக்கிறார்கள்! நம்முடன் பள்ளியில் படித்தவர்களில் எத்தனை பேர் இன்று கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெற்றோர் தோட்டத்திலும் பிள்ளைகள் சமவெளியிலும் வாழும் நிலையில், உள்ளூரிலேயே வேலை தரும் எதையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா?

வாடகைக் கார் ஓட்டுநர், வர்க்கி விற்பவர், தைலக் கடைக்காரர், சாலையோரம் மக்காச்சோளம் சுடும் அம்மா ஆகியோரின் வருவாய் கோடைப் பருவத்தை நம்பியே இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025-ஆம் ஆண்டுக் கோடைக்கு, உதகைக்குள் சாதாரண நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இதனை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று மாவட்டத்தின் வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அந்த அடைத்த கதவுகளும் ஒரு கருத்துத்தான்.

'போதும்' என்போர் சொல்வது

இனி மறுபக்கம். இவர்களும் வளர்ச்சியை வெறுப்பவர்கள் அல்லர். மலையின் தாங்கும் சக்தியைக் கண்டு அஞ்சுபவர்கள்.

2009 நவம்பரில் பெய்த பேய் மழையில் நீலகிரியின் பல இடங்களில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சமவெளியின் பல ஊர்கள் ஓராண்டு முழுதும் காணும் மழையளவு அது. 2024 ஜூலை 30 அன்று நம் கூடலூரை அடுத்த வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை மண் விழுங்கியதைக் கண்டு கலங்காதார் யார்? மழையை மனிதன் தடுக்க முடியாது. ஆனால் சரிவை வெட்டி மட்டமாக்குவதும், மழைநீர் ஓடும் ஓடையை மூடிக் கட்டடம் எழுப்புவதும் மனிதன் செய்வதே. மரத்தின் வேர் பிடித்திருந்த மண்ணை ஜே.சி.பி. இயந்திரம் ஒரே பகலில் அவிழ்த்துவிடுகிறது. அதன் விலையை அவிழ்த்தவர் கொடுப்பதில்லை. கீழே வரிசை வீட்டில் உறங்குபவர் கொடுக்கிறார்.

தண்ணீரின் கதையும் அப்படியே. பார்சன்ஸ் பள்ளத்தாக்கு, மார்லிமந்து முதலிய நீர்த்தேக்கங்கள் உதகைக்கு நீர் தருகின்றன. கோடையில் அவற்றில் நீர் தாழும் அதே வேளையில்தான் ஊரில் கூட்டம் உச்சத்தை எட்டுகிறது. விடுதியின் குளியலறையில் வெந்நீர் தடையின்றிக் கொட்ட, மேட்டுத் தெருவில் குடம் வரிசையில் நிற்கும். விடுதி தன் பணத்தில் லாரி நீர் வாங்கிக்கொள்ளும். அவ்வசதி குடத்துக்கு ஏது?

காட்டின் ஓரம் இன்னும் சிக்கலானது. சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகளின் வழக்கு நீண்ட காலம் நடந்து, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தைக் காக்கும் தீர்ப்பை உறுதி செய்தது. யானைக்கு வழி கிடைக்கட்டும் என்று மகிழ்ந்தவர் பலர். மசினகுடிப் பக்கத்தில் ஜீப் ஓட்டியும் விடுதியில் வேலை பார்த்தும் பிழைத்தவர்களோ, நாளை என்ன செய்வது என்று கேட்டார்கள். கட்டியபோதே தடுத்திருந்தால் இவ்விரு வேதனைகளும் நேர்ந்திரா அன்றோ?

சட்டம் இருக்கிறது, ஆனால்...

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990-இல் அமைக்கப்பட்டது. 1993-இல் நீலகிரிக்கெனப் பெருந்திட்டமும், மலைநகரங்களுக்கெனக் கட்டட விதிகளும் வந்தன. கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரலாகாது என்பது அவ்விதிகளில் பலரும் அறிந்த ஒன்று. இவ்விதிகளைப் பற்றி ஊரில் கேட்டால் ஒரு வேடிக்கையான ஒற்றுமை தெரியும். வளர்ச்சி வேண்டும் என்பவரும் குறை சொல்கிறார். வேண்டாம் என்பவரும் குறை சொல்கிறார். 'சொந்த நிலத்தில் மகனுக்கு இரண்டு அறை சேர்த்துக் கட்ட அலையாய் அலைகிறேன். மேலே மலையுச்சியில் மாளிகை எப்படி எழுந்தது?' என்பதே இருவர் கேள்வியும். விதி கடுமையாக இருப்பது மக்களைச் சினமூட்டவில்லை. ஆளுக்கொரு நீளத்தில் அளக்கும் கோலே சினமூட்டுகிறது.

உதகை நகராட்சி அங்காடியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்துவோர் அங்கு உண்டு. 2021-இல் வாடகை நிலுவைக்காக நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. வாடகை உயர்வு தாங்க முடியாதது என்றனர் வணிகர். நகராட்சிக்கு வருவாய் இன்றேல் ஊருக்கு வசதி எங்கிருந்து வரும் என்றனர் மறுதரப்பார். பின்னர்ப் பழைய கடைகளை இடித்து, வாகன நிறுத்தத்துடன் புதிய வளாகம் கட்டும் திட்டம் வந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. ஒழுகும் கூரையும் குறுகிய சந்தும் நீடிக்க வேண்டும் என்று எந்த வணிகரும் விரும்பமாட்டார். புதுக்கடை கட்டி முடிந்ததும் அது தமக்குத்தான் கிடைக்குமா, கிடைத்தாலும் அதன் வாடகையைக் கொடுக்க இயலுமா என்ற அச்சமே எதிர்ப்பின் வேர்.

இவ்வங்காடி கற்பிக்கும் பாடம்

இந்த அங்காடியில் ஒரு சிறப்பு உண்டு. அங்கு மலை வாங்கவும் செய்கிறது, விற்கவும் செய்கிறது. கிராமத்திலிருந்து வருபவர் தம் காய்கறியை விற்றுவிட்டு, அதே காசில் அரிசி, பருப்பு, கம்பளி வாங்கித் திரும்புகிறார். பணம் மலைக்குள்ளேயே இரண்டு மூன்று கை மாறுகிறது.

புதிதாக வரும் பெரிய விடுதியையும் வளாகத்தையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அவர்கள் இங்கு விற்க வருகிறார்கள். நம் குளிரையும் பனியையும் பசுமையையும் விற்கிறார்கள். நல்லது. ஆனால் இங்கு எதையேனும் வாங்குகிறார்களா? கேத்தி பாலாடாவில் விளைந்த கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி ஏலம் போகிறது; அது மறுபடி மலையேறி விடுதியின் சமையலறைக்கு வந்து சேர்ந்தால் இடையில் உள்ள ஆதாயம் யாருக்கு? நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008-இலும் தோடர் பூவேலைக்கு 2013-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தேநீரும் அந்தச் சால்வையும் விருந்தினர் அறையில் இடம் பெறுகின்றனவா? உதகைக் குளிரில் கோகோ விளைவதில்லை. ஆயினும் இங்குள்ள சாக்லேட் கடைகளில் வேலை செய்யும் கைகள் பல உள்ளூர்க் கைகள். அந்த அளவுக்கேனும் மற்றவை மலையோடு ஒட்டியிருக்கின்றனவா? வேலை தருகிறோம் என்று சொல்வார்கள். வாயிற்காவலும் பாத்திரம் கழுவலும் மட்டும் உள்ளூர்க்காரருக்கு, மேலாளர் நாற்காலி வெளியூர்க்காரருக்கு என்றால், பட்டம் பெற்று வெளிவரும் நமக்கு அதில் என்ன இருக்கிறது?

எனவே எந்தப் புதிய வணிகம் வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். அதற்கான தண்ணீர் எங்கிருந்து வரும்? அதன் எடையைச் சரிவு தாங்குமா? அது மலையில் எதை வாங்கும், யாரை என்ன வேலைக்கு அமர்த்தும்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தந்தவருக்கே அனுமதி தரப்பட வேண்டும். விடை தந்தபடி நடக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டும்.

கேள்வியைக் கேட்கும் காலமும் முக்கியம். கட்டி முடித்த பின் வழக்குப் போடுவதும், கடையைப் பூட்டிய பின் பேச்சுவார்த்தை நடத்துவதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அஸ்திவாரம் தோண்டும் முன்பே அந்தந்த ஊராட்சியிலும் நகராட்சி வார்டிலும் திட்டத்தின் படத்தைத் தமிழில் விளக்கி, ஹட்டிப் பெரியவர், தோட்டத் தொழிலாளர், பழங்குடியினர், சிறுகடைக்காரர் என அனைவரையும் பேசவிட வேண்டும். 2000-ஆம் ஆண்டையொட்டி இம்மாவட்டம் பிளாஸ்டிக் பைக்கு விடை கொடுக்க முனைந்தபோது, நாட்டிலேயே அது முன்னோடி முயற்சியாக இருந்தது. கடைக்காரரும் குடும்பப் பெண்களும் மாணவரும் கைகோத்ததால் அல்லவா அது நடந்தது? மக்களைக் கேட்டால் மக்கள் தோள் கொடுப்பார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய சிந்தனை நமக்கு மட்டும் உரியதன்று. இமயமலையிலுள்ள பூடான் நாடு தன்னிடம் வரும் வெளிநாட்டுப் பயணியிடம் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்று, அதை நாட்டு நலனுக்குச் செலவிடுகிறது. இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 முதல் கூட்டம் மிகும் நாட்களில் பகல்நேரப் பயணியிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. விருந்தினரை வரவேற்பதும் வீட்டின் கொள்ளளவைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அவ்வூர்கள் எண்ணுகின்றன.

நண்பர்களே! சில ஆண்டுகளில் நம்மில் சிலர் ஆசிரியராவோம்; சிலர் அரசு அலுவலகத்தில் அமர்வோம்; சிலர் கடை வைப்போம்; சிலர் தந்தையின் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்புவோம். அனுமதிக் கோப்பு நம் மேசைக்கு வரலாம். நம் நிலத்துக்கே விலை பேச ஆள் வரலாம். அன்று இந்த மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேட்போம். 1822-இல் கேட்கப்படாத கருத்து, இனியேனும் கேட்கப்படட்டும்.