உயரம் மட்டும் போதாது
மலேசியாவின் கோலா பிலா வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஒரு நாள் பேருந்துப் பயணமாகப் பத்துமலைக்குச் செல்வோரின் கண்ணை, 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையே முதலில் ஈர்க்கிறது; எனினும், 1891இல் தம்புசாமிப் பிள்ளை என்பவர் அங்குள்ள குகையில் கோயில் நிறுவியதையும், மறு ஆண்டு முதல் தைப்பூசத்துக்குத் திரண்ட உழைக்கும் மக்களே அக்குகையைத் திருத்தலமாக நிலைநிறுத்தியதையும் வழிகாட்டி சொல்லாவிட்டால் அப்பயணம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. சீனாவின் லெஷானில், மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் படகோட்டிகளின் உயிர்காக்க வேண்டி ஹைதோங் என்னும் துறவி 713இல் தொடங்கி, அவர் மறைந்தபின் பிறர் 803இல் முடித்த 71 மீட்டர் புத்தர் சிலைக்கும் இது பொருந்தும். மென்மையான செம்மணற்பாறையில் குடைந்த அச்சிலை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கு, தலைமுடிச் சுருள்களுக்கு இடையிலும் காதுகளின் பின்புறமும் மறைவாக வெட்டப்பட்ட வடிகால்கள், அதாவது மழைநீரைத் தேங்கவிடாது வெளியேற்றும் கால்வாய்கள், முக்கியக் காரணமாகும். ரப்பர்த் தோட்டச் சரிவுகளில் மண் அரிக்காதபடி கான் எனப்படும் வடிகால் வெட்டிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு அவ்வடிகால்களின் அருமை எளிதில் விளங்கும் என்பதால், சிலைகளின் உயரத்தோடு அவற்றை ஆக்கிய, காத்த கைகளின் வரலாற்றையும் அவர்களுக்குக் கற்பிப்பதே சுற்றுலாவை ஏற்பாடு செய்யும் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் உரிய கடமையாகும்.