மகிழுந்தின் உட்புறம்: நம் கையா, பட்டறையா?



பழைய மகிழுந்து வைத்திருப்போர் பலருக்கும் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் உட்கூரைத் துணி பின்பக்கம் சற்றே தொங்கும். நாமும் குண்டூசியால் குத்தி வைப்போம். சில மாதங்களில் அது ஓட்டுநரின் தலையைத் தொடும். நம் சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் மலைகளை உடைக்கும் இடங்களிலிருந்து வரும் வெண்தூசியும் அதில் படிந்துவிடும். இதை நாமே சரிசெய்வதா, குஷன் கடைக்குக் கொண்டுபோவதா என்ற கேள்வி அப்பொழுது எழுகின்றது.

எனக்கும் எழுந்தது. கடையில் 280 ரிங்கிட் கேட்டார்கள். துணிக்கும் பசைக்கும் 95 ரிங்கிட் செலவிட்டு நானே செய்தேன். முதலில் ஒட்டிய துணி மூன்றே வாரத்தில் கழன்று விழுந்தது. மீண்டும் ஒரு சனிக்கிழமை முழுவதும் உழைத்த பிறகே நின்றது.

நம்மில் பலர் இக்கேள்வியைப் பணக் கணக்காக மட்டுமே பார்க்கின்றோம். பணம் இரண்டாவது கேள்விதான். 'நான் செய்வது தவறிப்போனால் யாருக்கு என்ன நேரும்?' என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரத்தையும், 'தெரிந்து வினையாடல்' என வேறோர் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார். இழப்பையும் ஆக்கத்தையும் எண்ணிப் பார்த்துச் செயலில் இறங்குவது முன்னது. செயலை உரியவரிடம் ஒப்படைப்பது பின்னது. இரண்டும் தனித்தனி அறிவு.

கூரைத்துணி தவறினால் துணிதான் கெடும். ஆகவே அது கற்றுக்கொள்வதற்கு ஏற்ற வேலை. துணிக்கும் கூரை அட்டைக்கும் இடையே மெல்லிய நுரைப்பஞ்சு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டு அந்தப் பஞ்சுதான் பொடியாகிறது. நான் முதன்முறை அந்தப் பொடியின் மேலேயே பசை தடவினேன். கழன்றதன் காரணம் அதுவே. அட்டையைக் கழற்றி வெளியே எடுத்து, பழைய பஞ்சை மென்மையான தூரிகையால் முற்றாகத் தேய்த்து நீக்க வேண்டும். வெப்பம் தாங்கும் பசையை அட்டையிலும் புதுத் துணியின் பஞ்சுப் பக்கத்திலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே போக வேண்டும். வெயிலில் நிறுத்திய மகிழுந்தினுள் காற்றே 50 பாகை செல்சியசைத் தாண்டிவிடும் என்பதால், காகிதம் ஒட்டும் சாதாரணப் பசை அங்கு நிற்காது.

இதே வெப்பமும் ஈரமும் வண்டியின் இன்னொரு பொருளைக் கெடுத்து உயிரையே பறித்திருக்கின்றன. தகாட்டா என்ற சப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைகளை விரிய வைக்கும் வேதிப்பொருளாக அம்மோனியம் நைட்ரேட் பயன்பட்டது. நீண்ட காலம் வெப்பத்திலும் ஈரத்திலும் இருந்தால் அது சிதைந்து, விபத்தின்போது அளவுமீறி வெடித்து, தன் உலோகக் கூட்டையே துண்டுகளாகச் சிதறடிக்கும். 2014ஆம் ஆண்டு சூலை மாதம் சரவாக்கில் ஒரு கருவுற்ற பெண் இவ்வாறு இறந்தார். அவர் ஓட்டியது 2003ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி. பிறகு உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டு அந்நிறுவனம் நொடித்துப்போனது. பழைய வண்டி வாங்கியோர் அதன் சாசி எண்ணைத் தயாரிப்பாளரின் சேவை நிலையத்தில் கொடுத்துக் கேட்பது நலம். திரும்ப அழைக்கப்பட்ட வண்டியாயின் காற்றுப்பைக் கருவியை இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

ஆகவே நான் வகுத்துக்கொண்ட எல்லை இதுதான். கால்மிதி, தூசி, கறை, கதவின் கைப்பிடி, கழன்ற திருகாணி, கிழிந்த தையல், கூரைத்துணி ஆகியவை நம் கைக்கு உரியவை. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி, இருக்கை வார், இருக்கையைத் தரையோடு பிணைக்கும் தண்டவாளம், முன் இருக்கைக்கு அடியில் ஓடும் கம்பிகள் ஆகியவை பயிற்சி பெற்றவருக்கு உரியவை. காற்றுப்பைக் கம்பிகளின் இணைப்புகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். இருக்கை வாரின் கறையைப் போக்க வெளுப்பான் ஊற்றுவதும் கூடாது; அது இழைகளை வலுவிழக்கச் செய்யும். மிதமான சவர்க்கார நீரே போதும்.

வேலையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வண்டிக்கு வண்டி விடை மாறும். என் வண்டியின் கூரையில் காற்றுப்பை இல்லை. புதிய வண்டிகள் பலவற்றில் கூரையின் இரு ஓரங்களிலும் திரைபோல் விரியும் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டுள்ளன. கதவோரத் தூணில் 'எஸ்.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தால், அந்தக் கூரையைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுவதே முறை. அங்கு 280 ரிங்கிட் அதிகமன்று.

பட்டறையில் கொடுப்பதும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதன்று. முன் இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை இருந்தால், முழுவதும் மூடித் தைத்த உறை அது விரிவதைத் தடுக்கக்கூடும். அதற்கேற்ற உறை தைப்பார்களா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெற்றோர் மிதிவண்டியின் ஓட்டையைத் தாமே அடைத்தார்கள். அருகில் நின்று பார்த்தே நாம் கற்றோம். இன்று 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடம் இருந்தும், திருப்புளியை எப்பக்கம் திருப்புவது என்று தெரியாத மாணவர்களைக் காண்கிறேன். நாம் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளும் ஒவ்வொரு சிறு வேலையும் அவர்கள் பார்க்காமல் போன ஒரு பாடம். தந்தையோ தாயோ 'இது என் கைக்கு அப்பாற்பட்டது' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதைப் பார்ப்பதும் ஒரு பாடமே.

இறுதியாக, என்னை இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். காலையில் பள்ளி வாயிலில் நின்று பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கிவிடும்போது பின்னிருக்கையைப் பார்க்கின்றேன். பல வண்டிகளில் இருக்கை வாரின் பூட்டைக் காணவில்லை. அழகான புது உறைக்கு அடியில் அது புதைந்து கிடக்கிறது. சில உறைகளைப் பெற்றோரே மாட்டியிருக்கிறார்கள். சிலவற்றைக் கடைக்காரர் மாட்டியிருக்கிறார். யார் மாட்டினாலும் விளைவு ஒன்றுதான்: பிள்ளை வார் அணியாமல் வருகிறது. பின்னிருக்கை வார் 2009ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் கட்டாயம். குழந்தை இருக்கை 2020இலிருந்து கட்டாயம்.

அந்தப் பூட்டை மேலே எடுக்கப் பட்டறை வேண்டாம், பணமும் வேண்டாம். உறையைச் சற்று விலக்கி, இருக்கையின் இடுக்கில் கையை விட்டு வெளியே இழுத்தால் போதும். பத்து நிமிட வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு செய்துவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் வாயிலில் பார்க்கிறேன்.