வீட்டுத் தோட்டம்: செவ்விலை மேப்பிளைப் பெருக்கும் வகை

இலையுதிர் காலத்திலே யப்பானியர் குடும்பம் குடும்பமாக மலைச்சாரல்களுக்கும் கோவில் தோட்டங்களுக்கும் செல்வர். பூப் பார்ப்பதற்கன்று, இலை பார்ப்பதற்கு. கோடை முழுவதும் பச்சையாய் நின்ற மேப்பிள் மரங்கள் அந்நாட்களிற் பொன்னாகவும் செம்பாகவும் குருதியாகவும் நிறம் மாறும். இக்காட்சியைத் தேடிச் செல்லும் வழக்கத்துக்கு அவர்கள் மொழியில் ‘மோமிஜி வேட்டை’ என்று பெயர். மரத்துக்கு அவர்கள் இட்ட இன்னொரு பெயர் ‘கயேதே’ என்பது. ‘தவளைக்கை’ என்று பொருள்படும் பழஞ்சொல்லின் மரூஉ அது. விரித்த விரல்களைப் போல ஐந்தாகவும் ஏழாகவும் பிளந்திருக்கும் இலையைக் கண்டவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை மறுக்கமாட்டார்கள்.

மேனாட்டு அறிவியலுக்கு இம்மரத்தை அறிமுகஞ் செய்தவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் கார்ல் பீற்றர் துன்பேர்க். ஒல்லாந்தக் கும்பனியின் வைத்தியராக 1775 ஆம் ஆண்டு நாகசாக்கியை அடைந்த அவர், 1784 இல் வெளிவந்த தமது யப்பானியத் தாவர நூலிலே இதற்கு ‘ஏசர் பால்மேற்றம்’ என்னும் பெயரைச் சூட்டினார். யப்பானிலிருந்து திரும்பும் வழியில், 1777 இல், இலங்கைக்கு வந்து சில மாதங்கள் தங்கி நம் நாட்டுச் செடிகொடிகளையும் ஆராய்ந்தவர் அவர். நம் வேலிகளிலே நீலப்பூக் காட்டிப் படரும் துன்பேர்ஜியாக் கொடி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மேப்பிளை நம் ஊர் வெப்பத்தில் வளர்க்க முயல்வது வீண் உழைப்பு. ஆண்டுதோறும் சில மாதங்கள் கடுங்குளிரில் இலையற்று உறங்கினாலன்றி அது செழிப்பதில்லை. ஆயினும், பிள்ளைகளும் பேரர்களும் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. (கனடாவின் கொடியிலுள்ள இலை இம்மரத்தினதன்று, அந்நாட்டுப் பெருமேப்பிள்களின் இலை அது.) அவர்களது வீட்டு முற்றத்தில் ஒரு செவ்விலை மேப்பிள் நிற்குமாயின், இதிலிருந்து இன்னொன்றை உண்டாக்கலாமா என்ற கேள்வி எழாமல் இராது.

தாராளமாக உண்டாக்கலாம். ஆனால் கத்தியையோ மண்வெட்டியையோ தொடுமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். வேண்டுவது ஒரு புது மரமா? அன்றி, அந்த மரமேயா?

புது மரம் போதுமெனின் விதையே வழி. இரண்டு சிறகுகள் ஒட்டிப் பிறந்தாற்போன்ற காய்கள் இலையுதிர் காலத்திற் பழுப்பேறத் தொடங்கும்போது, அவை காய்ந்து வீழுமுன் பறித்துவிடுக. நன்றாய் உலர்ந்த விதையின் தோல் கல்லாகிவிடும். முளைக்க ஈராண்டு செல்லினும் செல்லும். சிறகை ஒடித்துவிட்டு, விதைகளை இளஞ்சூட்டு நீரில் ஒருநாள் ஊறவைத்து, ஈரமணலோடு கலந்து பொலித்தீன் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு மாதங்கள் வைக்க வேண்டும். குளிர்காலம் ஒன்று கழிந்ததென்று விதை நம்பினாற்றான் விழிக்கும். பையினுள் வெண்ணிற வேர்முனை தெரிந்ததும் சாடியில் விதைக்கலாம்.

முளைத்து வருபவற்றைக் காண்பதே ஓர் இன்பம். செந்நிறத் தாயின் விதைகளிற் சில சிவப்பாகவும், சில பச்சையாகவும், சில இரண்டுங் கெட்டானாகவும் எழும். அச்சொட்டாக ஒன்றுபோலொன்று இராது. மகரந்தம் எம்மரத்திலிருந்து வந்ததோ, யார் அறிவார்? இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயருடைய இரகங்கள் இருப்பதற்கு இவ்வியல்பே பெருங்காரணம். ஆனால் ‘பிளட்குட்’ என்னும் புகழ்பெற்ற செவ்விரகத்தின் விதையில் முளைத்தது ‘பிளட்குட்’ ஆகாது. அதை அப்பெயரால் விற்பதும் கொடுப்பதும் நேர்மையன்று.

தாய்மரமே வேண்டுமெனின் அதன் உடலிலிருந்தே ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும். வெட்டுத்துண்டு நடுதல் எளிதுபோலத் தோன்றும். ஆனித் திங்களளவில் இளங்கிளைகளை நறுக்கி, வேரூக்கி தொட்டு, ஈரப்பதன் குன்றாத மூடிய சாடியில் நட்டால் வேர் விடுதலும் உண்டு. துன்பம் பின்னர்த்தான். முதற் குளிர்காலத்திலே அவற்றுட் பல மடிந்துவிடும். அடுத்த வேனிலிற் புதுத்தளிர் காணும்வரை அவற்றைப் பெயர்த்து நடாதிருத்தல் நலம்.

வீட்டுத் தோட்டக்காரருக்கு நான் பரிந்துரைப்பது காற்றுப்பதியம். தேசிக்கும் மாதுளைக்கும் நாம் செய்வதுதான். யப்பானியக் குறுமரக் கலைஞரும் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருவது. வேனில் முடிவில், புதிய இலைகள் சற்று முற்றியபின், பென்சிற் பருமன் முதல் பெருவிரற் பருமன் வரையிலுள்ள கிளையொன்றைத் தெரிந்து, அதன் பருமனைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை அகலமாகப் பட்டையை வளையமாக நீக்குக. வழுவழுப்பான ஈரப்படையையும் சுரண்டிவிட வேண்டும். விட்டால் மரம் அவ்விடத்தைப் பட்டையால் மூடிக்கொள்ளுமேயன்றி வேர்விடாது. நனைத்துப் பிழிந்த பாசியை அதன்மேற் பொதிந்து, பொலித்தீனாற் சுற்றி, இருமுனையையும் இறுகக் கட்டுக.

இதன் தத்துவத்தை மாணவர் அறிந்துகொள்வது நன்று. வேரிலிருந்து நீர் மேலேறுவது கட்டையின் வழியே. ஆகவே கிளை வாடுவதில்லை. இலையிற் சமைத்த உணவு கீழிறங்குவது பட்டையின் வழியே. அவ்வழி அறுந்ததனால் உணவு வெட்டின் மேல்விளிம்பிலே தேங்கி, அங்கே வேராகப் புறப்படுகின்றது. இரண்டு மூன்று மாதங்களிற் பொலித்தீனூடாக வேர்கள் தெரியும். அவை நிறைந்தபின் கீழே அறுத்துப் பாசியைப் பிரிக்காமலே சாடியில் வைக்கலாம். முதலாண்டுப் பனிக்கு அதனை வெளியே விடலாகாது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பாரும் உளர். பெயருடைய மேப்பிள் ஒன்றுக்கு மனிதர் கையைத் தவிர வேறு வாழ்வில்லை. அதே உருவில் அது தானாகப் பெருகாது. ஒருவர் வெட்டி ஒட்டினாற்றான் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யப்பானிய நாற்றுமேடைகள் உணவுப் பயிருக்கு விடப்பட்டன; மரங்கள் பல விறகாயின. அக்காலத்தில் மறைந்த பழைய இரகங்கள் சில இன்று ஏடுகளிற் பெயரளவாகவே எஞ்சியுள்ளன. வேறொரு முற்றத்தில் ஒரு பதியம் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும்.

நாற்றுத் தொழிலாளர் பெரிதும் நம்புவது ஒட்டு முறையை. நுணுகிப் பிளந்த இலையுடைய இரகங்களுக்கு அதுவே ஏற்றது. முன்கூறியவாறு விதையில் முளைத்த இரண்டு மூன்று வயதுக் கன்று, பென்சிற் பருமன் ஆனதும், ஒட்டுக்கட்டையாகும். தை மாதத்தில் அதைச் சற்று வெதுவெதுப்பான இடத்திற்கு மாற்றி, வேர்முனைகள் வெண்மையாக ஓடத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டுமுளையோ உறக்கத்திலேயே இருத்தல் வேண்டும். சாராயத்தாற் துடைத்த கூரிய கத்தியால் கட்டையின் பக்கத்தில் ஓரங்குல நீளம் சீவி, அதற்கிணையாக முளையின் அடியையும் சீவிப் பொருத்துக. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய மாறிழையம் இரண்டிலும் ஒன்றையொன்று தொடுவதே உயிர்நாடி. முளை மெலிதாயின் ஒரு பக்கமாவது சரியாகத் தொடட்டும். நடுவில் வைத்தால் இரு பக்கமும் தவறும். இறப்பர் நாடாவாற் கட்டி, ஈரக்காற்று நிலவும் மூடிக்குள் வைக்க வேண்டும். கட்டையின் தலையை உடனே வெட்டக்கூடாது. முளை தளிர்த்தபின் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

ஒட்டுக்குக் கீழே பச்சைத் தளிர் தோன்றுமாயின் அது கட்டையினுடையது. முளைத்த அன்றே கிள்ளிவிடுக. அதனை அழகென்று விட்டுவைத்த வீடுகளில், சில ஆண்டுகளிற் செவ்விலை மரம் ஒடுங்கிப் பச்சை மரம் ஒன்றே நிற்கும்.