மறதிக்குக் கண்டிப்பு மருந்தாகாது

எச்.ஐ.வி. தொற்றுடன் மெத்தபெட்டமைன் அல்லது கொக்கைன் பழக்கமும் உள்ள ஒருவர் மாத்திரையைத் தவறவிட்டால், ‘பொறுப்பில்லாதவர்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். அந்தத் தவறலில் மூளைப் பாதிப்புக்கும் பங்கு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எச்.ஐ.வி. உடலில் புகுந்த சில வாரங்களிலேயே மூளையை எட்டிவிடுகிறது. நரம்புச் செல்களை விட்டுவிட்டு, அவற்றுக்குக் காவலாக இருக்கும் எதிர்ப்புச் செல்களில் குடியேறி அழற்சியைக் கிளப்புகிறது. அந்தக் கிருமியின் ‘டாட்’ என்ற புரதம், வெளியான டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் செல்கள் திரும்ப உறிஞ்சுவதைக் கெடுக்கிறது. மெத்தபெட்டமைன், கொக்கைன் போன்ற ஊக்கப் போதைப்பொருள்களும் அதே டோபமைனை அளவுமீறித் தேங்கச் செய்கின்றன. ரத்தத்திலிருந்து மூளையைக் காக்கும் தடுப்பையும் தளர்த்துகின்றன. இரண்டாலும் அடிபடுபவை கவனம், நினைவு, திட்டமிடல், ஆசையை அடக்கும் திறன். வேளை தவறாமல் மாத்திரை போடத் தேவையானவையும் இவையே.

எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) கிடைக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். அந்த மருந்து கடுமையான மறதிநோயை வெகுவாகக் குறைத்தது உண்மை. ஆனால் லேசான குறைபாடுகள் மறையவில்லை. வறுமை, மனச்சோர்வு, ஹெபடைட்டிஸ் சி ஆகியவையும் சோதனை முடிவுகளைப் பாதிக்கும் என்ற ஐயமும் நியாயமானது. ஆனாலும் 2004-இல் வெளியான சான் டியேகோ ஆய்வைப் புறந்தள்ள முடியாது. தொற்றும் மெத்தபெட்டமைன் பழக்கமும் இல்லாதவர்களில் 18 சதவீதத்தினருக்கு அறிவாற்றல் குறைபாடு தெரிந்தது; தொற்று மட்டும் உள்ளவர்களில் 38, பழக்கம் மட்டும் உள்ளவர்களில் 40, இரண்டும் உள்ளவர்களில் 58. பாதிப்பு ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்கிறது.

போதையை விட்டுவிட்டு வரட்டும் என்பது மற்றொரு வாதம். அதுவரை கிருமி காத்திருக்காது. மாத்திரை தவறினால் கிருமி பெருகும், மூளை மேலும் நலியும், மறதி கூடும். ஹெராயின் பழக்கத்துக்கு புப்ரெனார்பின் இருப்பதுபோல ஊக்கப் போதைக்கு இன்னும் ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. போதையின்றி வந்தால் சிறு பரிசளித்து ஊக்குவிக்கும் முறைக்குத்தான் வலுவான சான்று உள்ளது. தண்டனையைவிடச் சிகிச்சைக்குச் சட்டமும் வழிவிடுகிறது: தானாகச் சிகிச்சைக்கு வரும் போதை அடிமைக்கு, சிறிய அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்களிக்க, இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவே இடம் தருகிறது. தேதியை நினைவில் வைக்கவே தடுமாறுபவரை ஏ.ஆர்.டி. மையத்துக்கும் போதை மீட்பு மையத்துக்கும் தனித்தனியாக அலையவிடுவது, சிகிச்சையைக் கைவிடச் சொல்வதற்குச் சமம். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் தர வேண்டும். மாத்திரை தவறியவரைக் கண்டிக்கும் முன் அவரது நினைவாற்றலைச் சோதிக்க வேண்டும்.