மூடி வைத்த புண்

இலங்கையில் மலேரியா ஒழிந்தது. 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட அந்நோய் இனி இத்தீவில் இல்லையென்று 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. மருந்து மட்டும் அதனைச் சாதிக்கவில்லை. காய்ச்சல்காரன் தானாக ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திராமல், ஊர் ஊராய்ச் சென்று விரல்நுனியில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், எண்ணினார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேர் என்று கணக்கு இறங்கியதும் தேடும் வேலை தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. இந்தப் பாடத்தை இவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்ற சுகாதாரத் துறை, வேறொரு கேட்டைத் தேடிச் செல்வதற்கு இன்றும் கூசி நிற்கிறது.

சிறுவர் மீது வளர்ந்தோர் இழைக்கும் பாலியல் துஷ்பிரயோகத்தையே நாம் குறிப்பிடுகிறோம். இதனைத் தலையங்கத்தில் எழுதலாமா என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். எழுதாமல் விட்டதனால் எந்தப் பிள்ளை காப்பாற்றப்பட்டது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

உலகில் எட்டுப் பெண்களில் ஒருவர் 18 வயதை எட்டுமுன் வன்புணர்வுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர் என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் 2024இல் கணக்கிட்டது. ஆண்களில் பதினொருவருக்கு ஒருவர். நாற்பது பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் ஐவர் என்பது இதன் பொருள். எம் ஊரில் இது கூடலாம், குறையலாம். ஆனால் எம் ஊரில் இல்லை என்று சாதிப்பவர் எந்தக் கணக்கைக் கொண்டு சாதிக்கிறார்? பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகத்தைக் கொண்டா? அப்புத்தகம் நோயின் அளவைக் காட்டுவதில்லை. எத்தனை குடும்பங்களுக்குத் துணிவு வந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது.

துணிவு வராததற்குக் காரணம் உண்டு. குற்றவாளி பெரும்பாலும் இருட்டில் ஒளிந்திருக்கும் அந்நியன் அல்லன். மாமன் முறையான், அயலவன், பாடஞ் சொல்லிக் கொடுப்பவன், பிள்ளையே நம்பிப் பின்னால் செல்லும் ஒருவன். அவனைக் காட்டிக்கொடுத்தால் குடும்பம் உடையும், “நாளைக்கு இவளை யார் கட்டுவான்?” என்ற கேள்வி எழும். ஆகவே பிள்ளையை வேற்றூருக்குப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவனோ அடுத்த கோயில் திருவிழாவில் வடம் பிடிக்கிறான். தாய் வெளிநாட்டுக்கு உழைக்கப் போனதுதான் காரணம் என்று அவள்மீது பழியைப் போடவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். குற்றம் செய்தவனைத் தவிர மற்றெல்லோரையும் விசாரிக்கும் சமூகம் இது. ஆண் பிள்ளையின் நிலைமை இன்னும் கொடிது. அவனுக்கு இப்படி நேரும் என்று நினைத்துப் பார்க்கவும் நாம் மறுக்கிறோம்.

மறைத்த புண் உள்ளே புரையோடும். அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் 1980களில் உடற்பருமனைக் குறைக்கும் சிகிச்சைநிலையம் ஒன்றை நடத்தினார் வின்சென்ட் பெலிட்டி என்னும் வைத்தியர். எடை நன்கு குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையை இடையில் விட்டு ஓடுவதைக் கண்டு அவர் வியந்தார். விசாரித்தபோது, அவர்களிற் பலர் சிறு பராயத்தில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்கள் எனத் தெரியவந்தது. அதுவரை எந்த வைத்தியரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை. பின்னர் ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த ஆய்வு 1998இல் வெளியாயிற்று. சிறுவயதுத் துன்பங்கள் பெருகப் பெருக, மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் குடிப்பழக்கமும் மட்டுமல்ல, இருதய நோயும் கூடுவதை அது காட்டிற்று. ஆகவே இது பொலிசாரின் காரியம் மாத்திரமன்று, வைத்தியசாலையின் காரியமுமாகும்.

வைத்தியசாலைக்கு விரைந்து வருவதிலும் உயிர்ப் பயன் உண்டு. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். உறவினர் கூடிப் பேசி, பெரியவர் சமரசம் செய்து, ஒரு கிழமை கழித்து வரும் பிள்ளைக்கு அம்மருந்தால் பயனில்லை. வேறொன்றையும் ஊரார் அறியவேண்டும். துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளைகளில் மிகப் பலரின் உடலில் காயமோ தழும்போ காணப்படுவதில்லை. “டாக்டர் பார்த்தார், ஒன்றுமில்லை” என்பதற்கு “ஒன்றும் நடக்கவில்லை” என்று பொருள் கொள்வது மருத்துவத்துக்கும் நியாயத்துக்கும் முரணானது.

சட்டம் முற்றாக உறங்கவில்லை. பெண் பிள்ளையின் சம்மத வயதை 12இலிருந்து 16 ஆக உயர்த்தியது 1995ஆம் ஆண்டுத் திருத்தம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் 1998இல் வந்தது. அச்சபையை 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். ஆயினும் அதே 1995இல், வன்புணர்வினாலும் முறைகெட்ட உறவினாலும் உண்டாகும் கருவைக் கலைக்க அனுமதிக்கும் பிரிவு எதிர்ப்புக்கு அஞ்சி மீளப்பெறப்பட்டது. ஆகவே பதின்மூன்று வயதுப் பிள்ளையாயினும், உயிருக்கு ஆபத்தென்றாலன்றி, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைக்குக் கட்டுப்பட்டுப் பிள்ளை பெற வேண்டியவளே. இதுபற்றி வாய் திறக்கும் பாராளுமன்ற உறுப்பினர்கள், தமிழ் உறுப்பினர்கள் உட்பட, மிகச் சிலரே.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னுமொரு மதில் உண்டு. வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தன் தாய்மொழியிலேயே திக்கித் திணறிச் சொல்லும் பிள்ளையின் வாக்குமூலம், தமிழறியா அதிகாரியின் கையில் சிங்களத்தில் எழுதப்பட்டால், அதில் என்ன இருக்கிறதென்று அறியாமலே அவள் கையொப்பமிடுகிறாள். பல ஆண்டுகளின் பின் மேல் நீதிமன்றத்தில் அவள் சொல்வதற்கும் அன்று எழுதப்பட்டதற்கும் இடையிலுள்ள வேறுபாடே எதிரியின் வழக்கறிஞருக்கு ஆயுதமாகிறது. தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பு 1987இல் ஏற்றுக்கொண்டது. முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் பதியப்பட வேண்டும், பொலிஸ் நிலையங்களில் இரவு பகலாக இருமொழி அதிகாரிகள் இருக்க வேண்டும் என்று, அரசாங்கம் தானே அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு 2011இல் விதந்துரைத்தது. மொழியுரிமையை மேடைப் பேச்சு என்று எள்ளி நகையாடுவோர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் வன்முறைக்கு ஆளானோருக்கென இடங்கள் உள்ளன. நல்ல பணி, ஆனால் அவை தேடி வருபவருக்கே உதவுகின்றன. பிள்ளை தேடி வரமாட்டாள். பிள்ளையிருக்கும் இடத்துக்குச் செல்லும் படை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குடும்பநல மாது ஏறாத வாசற்படி இந்நாட்டில் அரிது. சுகாதார வைத்திய அதிகாரி 1, 4, 7, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பாடசாலையிலேயே சோதிக்கிறார். பயிற்சியின்றிக் கேள்வி கேட்பது புண்ணைக் கிளறுவதாகும் என்பதை நாமறிவோம். ஆகவே முதலில் இவர்களுக்குப் பயிற்சி வேண்டும். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கவும், நம்பவும், அடுத்து எங்கே அழைத்துச் செல்வதென்று அறியவும் அவர்கள் பழக வேண்டும். அழைத்துச் செல்லும் இடத்தில் தமிழ் பேசும் மனநல வைத்தியரும் சட்ட வைத்திய அதிகாரியும் இருக்க வேண்டும். சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட விடயம். வடக்கிலும் கிழக்கிலும் இதனைத் தொடங்குவதற்குக் கொழும்பின் அருளை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தவணையில் பற்களையும் கண்களையும் பார்க்கப் பாடசாலைக்கு வரும் வைத்தியர், பிள்ளையின் குரல் வெளியே கேளாத ஓர் அறையை அதிபரிடம் கேட்டுப் பெறட்டும்.